ஸ்கேன் செய்த படத்தில் இருட்டு விலகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து கணினியில் திறந்தால் முதலில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இருட்டுதான். தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாக இருக்கும். மாப்பிள்ளையின் கோட்டும் அவர் பின்னால் நிற்பவரின் கோட்டும் ஒட்டிப்போய் ஒரே உருவமாகத் தெரியும். அரக்குப் பட்டில் மடிப்பும் தெரியாது, சரிகையும் தெரியாது. உடனே எடிட்டிங் மென்பொருளில் நிழலை ஏற்றும் ஸ்லைடரைப் பிடித்து வலது பக்கம் இழுக்கிறோம். இருட்டு வெளுக்கிறது, உள்ளேயிருந்து எதுவும் வருவதில்லை. வந்தாலும் பொரிபொரியாக, சாம்பல் பூசியதுபோல வருகிறது.

அந்த ஸ்லைடர் புதிதாக ஒன்றையும் உண்டாக்காது, இருப்பதைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விவரம் எந்த இடத்தில் தொலைந்தது? படம் எடுத்த அன்றா, பிரிண்ட் போட்டபோதா, ஸ்கேனரிலா, எடிட்டிங்கிலா? இடம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

இங்கே சொல்லும் படிகளுக்கு ஜிம்ப் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். இலவசம், 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட் படங்களையும் (வெளிச்சத்தை மிக நுண்ணிய படிகளாகப் பதிந்து வைக்கும் கோப்புகள்) கையாளும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய இதே பெயர்களில் இதே கருவிகள் அங்கேயும் இருக்கின்றன.

முதலில் ஜன்னலோரச் சோதனை

பிரிண்டை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலுக்குப் போங்கள். பளபளப்பு கண்ணில் அடிக்காத கோணம் வரும்வரை மெல்லச் சாய்த்து, இருண்ட பகுதியை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே வெறும் கறுப்பாக இருந்த புடவையில் இப்போது மடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் விவரம் தாளில் இருக்கிறது, ஸ்கேனர் வழியாக அதை வாங்கிவிடலாம். கண்ணுக்கே தெரியவில்லை என்றால் எந்த ஸ்கேனரும் அதைக் கொண்டுவரப் போவதில்லை.

நல்ல பளபளப்புத் தாளில் போட்ட படத்தின் ஆழ்ந்த கறுப்புகூட, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். அதைப் பிரித்தறிவது சாதாரண வீட்டு ஸ்கேனருக்கே பெரிய வேலை இல்லை. ஆகவே பிரிண்டை ஸ்கேன் செய்யும்போது நிழல் தொலைந்தால் முதல் சந்தேகம் மென்பொருளின் அமைப்புகள்மேல் விழ வேண்டும். விலை கூடிய ஸ்கேனர் வாங்க ஓட வேண்டாம். ஸ்லைடு ஃபிலிம் கதை வேறு. அதன் அடர்ந்த கறுப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியைத்தான் உள்ளே விடும். அங்கே ஸ்கேனரின் தரம் நிஜமாகவே முக்கியம்.

முடி, கோட்டு, புடவை எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு

ஜிம்ப்பில் சொடுக்கிய இடத்தின் நிற எண்களைக் காட்டும் கலர் பிக்கர் கருவியை எடுத்து, தகவல் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புக்குள் ஏழெட்டு இடங்களில் சொடுக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். எல்லா இடத்திலும் 0, 0, 0 என்றே வந்தால் விவரம் வெட்டப்பட்டுவிட்டது. 4, 9, 7, 12 என்று இடத்துக்கு இடம் மாறினால் விவரம் வெட்டப்படவில்லை, புதைந்து கிடக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். ஆனால் புதைந்ததைத் தோண்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. இடது முனையில் கறுப்பு, வலது முனையில் வெள்ளை என்று வைத்து, எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை மலைபோலக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் இதையே சொல்லும்: இடது சுவரில் ஒரு ஒற்றைக் கம்பு செங்குத்தாக நின்றால் வெட்டு விழுந்திருக்கிறது.

வெட்டியது யார்? பெரும்பாலும் ஸ்கேன் மென்பொருளின் தானியங்கி எக்ஸ்போஷர். முன்னோட்டத்தைப் பார்த்து, படம் 'பளிச்' என்று இருக்கட்டும் என்று கறுப்புப் புள்ளியை அது உள்ளே தள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளிக்கு இடப்புறம் இருப்பதெல்லாம் பூஜ்யமாகிவிடும். ஆகவே முன்னோட்டம் வந்ததும் அந்த மென்பொருளில் உள்ள ஹிஸ்டோகிராமைத் திறந்து, கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் சற்று இடப்புறமாக நகர்த்தி வையுங்கள். முன்னோட்டச் சட்டகத்துக்குள் ஆல்பத்தின் கறுப்புத் தாள் ஓரமோ ஸ்கேனர் மூடியின் வெள்ளையோ புகுந்திருந்தால் கணக்கே கெட்டுவிடும். தேர்வுச் சட்டத்தைப் படத்துக்கு உள்ளேயே இழுத்து வைப்பது நல்லது.

அப்புறம் இன்னும் சில விஷயங்கள். வண்ணப் படத்துக்கு 48 பிட் (ஒரு நிறத்துக்கு 16 வீதம்), கறுப்பு வெள்ளைக்கு 16 பிட் என்று தேர்ந்தெடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்வதே என் வழக்கம். ஏன் என்று கீழே ஓரிடத்தில் வரும். சேமிப்பது விவரத்தைக் குறைக்காத டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும். ஷார்ப்பனிங், வண்ண மீட்பு, பேக்லைட் திருத்தம், தூசி நீக்கம் என்று மென்பொருள் தானாக முன்வந்து செய்யும் உதவிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பேக்லைட் திருத்தம் என்பது வேறொன்றுமில்லை, நீங்கள் பிறகு நிதானமாகச் செய்யப் போகும் அதே வேலையை அது அவசரமாகச் செய்துவைக்கும்.

இப்படி வாங்கிய ஸ்கேன் பார்க்க மங்கலாக, வெளுத்து இருக்கும். இருக்கட்டும். ஸ்கேன் கச்சாப் பொருள், அழகு பிறகு.

ஸ்லைடு ஸ்கேன் செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி வண்ண நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும். கோடாக்ரோம் ஸ்லைடில் அதை நம்ப முடியாது. அடர்ந்த நிழலையே தூசி என்று எடுத்துக்கொண்டு அங்கிருக்கும் நுணுக்கத்தை மழுக்கிவிடக்கூடும். வெள்ளித் துகள் உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் அது ஆகாது.

சரி, அமைப்பு எல்லாம் திருத்தி மறுபடி ஸ்கேன் செய்தும் பூஜ்யம்தானா? அப்படியானால் பிரிண்டே காலி. ஆல்பத்தோடு லேப்பில் கொடுத்த நெகட்டிவ் துண்டுகள் வீட்டில் எங்காவது, பீரோவில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில், இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிண்ட் தாள் தாங்காத தொனிகளை (வெளிச்சப் படிகளை) நெகட்டிவ் தாங்கும். இன்னொரு வசதி, நெகட்டிவில் நிழல் என்பது ஃபிலிமின் மெல்லிய, தெளிந்த பகுதி. ஒளி தாராளமாகப் புகும், ஸ்கேனருக்குச் சிரமமே இல்லை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புடவை இருக்க வேண்டிய இடம் ஃபிலிமின் ஓரப் பட்டையைப் போலவே வெறுமையாகத் தெளிந்திருந்தால், படம் எடுத்த அன்றே அங்கே ஒளி விழவில்லை. அதோடு அந்த விசாரணை முடிந்தது.

காலியான கறுப்பில் செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஏவிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது மடிப்பும் வரையும், சரிகையும் வரையும், பாட்டிக்குப் புது மூக்குத்திகூடப் போடும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அந்தப் புடவை இல்லை, அது அந்த மூக்கும் இல்லை. குடும்பப் படத்துக்கு நான் அதைச் செய்வதில்லை.

கறுப்பு கறுப்பாகவே இல்லை, எங்கும் பனிமூட்டம்

முந்தையதற்கு நேரெதிர். கலர் பிக்கரில் மிக இருண்ட இடமே 35, 40 என்று வருகிறது. விவரம் தொலையவில்லை, திரை போட்டு மூடியிருக்கிறது. ஜிம்ப்பின் கலர்ஸ் மெனுவில் உள்ள லெவல்ஸ் சாளரத்தில் கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடம்வரை கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் எல்லாப் படத்திலும் இதே மூட்டம் இருந்தால் ஸ்கேனர் கண்ணாடியைப் பாருங்கள். மேற்புறம் எல்லோரும் துடைப்பார்கள். பழைய ஸ்கேனர்களில் கண்ணாடியின் உட்புறத்தில் புகை படிந்தாற்போல ஒரு மெல்லிய படலம் உண்டாகும். டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்தால் தெரியும். மெல்லிய தாளில் போட்ட படமாக இருந்தால் வெள்ளை மூடியிலிருந்து ஒளி பின்பக்கமாக ஊடுருவி வரும், பின்னால் எழுதிய பேனா எழுத்துகூடத் தெரியும். படத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள். சிறிய படத்தைச் சுற்றி வெற்றுக் கண்ணாடி நிறைய இருந்தால் அதையும் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டால் சிதறும் ஒளி குறையும்.

நிழலை ஏற்றினால் பொரிபொரியாகக் கிளம்புகிறது

இந்தப் பொரி இரண்டு இடத்திலிருந்து வரலாம். ஸ்கேனரின் மின்னணு நாய்ஸ், அதாவது தாறுமாறான புள்ளிகள், ஒன்று. ஃபிலிமின் மணியும் (கிரெயின்) தாளின் சொரசொரப்பும் இன்னொன்று. எது என்று தெரியாமல் நாய்ஸ் குறைக்கும் ஃபில்டரை ஓட்டினால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி: படத்தை அசைக்காமல் இரண்டு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் இருண்ட மூலையில் நன்றாகப் பெரிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக லேயர்களாக (அடுக்குகளாக) வைத்து, மேல் லேயரின் கண் சின்னத்தைச் சொடுக்கி அதை மறைத்தும் காட்டியும் பாருங்கள். அதே இடத்தில் அதே புள்ளி நின்றால் அது படத்தில் இருக்கிறது. புள்ளிகள் இடம் மாறித் துள்ளினால் அது ஸ்கேனரின் வேலை.

ஸ்கேனரின் வேலை என்றால் சராசரி எடுப்பதுதான் சிறந்த மருந்து. நான்கு ஸ்கேன்களின் சராசரியில் நாய்ஸ் பாதியாகும், பதினாறில் கால்பங்காகும். வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் போன்ற மென்பொருள்களில் ஒரே ஓட்டத்தில் பலமுறை படிக்கும் வசதி ஸ்கேனரைப் பொறுத்துக் கிடைக்கும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: நான்கு ஸ்கேன்களையும் லேயர்களாக அடுக்கி, ஒளிபுகாத்தன்மையைக் கீழிருந்து மேலாக 100, 50, 33, 25 சதவீதம் என்று வைத்தால் சராசரி தயார். ஸ்கேனரின் தலை ஒவ்வொரு ஓட்டத்திலும் மிகச் சரியாக ஒரே இடத்தில் நிற்காது, எனவே படம் ஒரு துளி மென்மையாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரிண்ட் ஸ்கேனில் நாய்ஸ் இவ்வளவு தூரம் தொல்லை தருவது அரிது. ஸ்லைடில் தினசரிப் பிரச்சினை.

பொரி நிறம் நிறமாக, சிவப்பும் பச்சையும் கலந்து இருந்தால் இன்னும் சுலபம். லேயரைப் பிரதி எடுத்து, பிரதியை காஸியன் பிளர் கொண்டு மங்கலாக்கி, லேயர் முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் கலங்கும், கூர்மை கீழ் லேயரிலிருந்து அப்படியே வரும்.

படத்திலேயே உள்ள மணி என்றால் அதை விட்டுவிடுங்கள். நிழலை ஏற்றும் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது. அந்த மணி அந்தக் காலத்துப் படத்தின் தோல்.

பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக உடைகிறது

ஸ்டுடியோவின் பின்திரை, தலைக்குப் பின்னால் மெல்ல இருளும் சுவர் போன்ற இடங்களில் தொனி வழுக்கிக்கொண்டு போகாமல் படிக்கட்டு மாதிரி இறங்கினால், அது 8 பிட் கோப்பு என்று அர்த்தம். 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை மொத்தம் 256 படிகள்தான். மிக இருண்ட முதல் 20 படிகளை இழுத்து 80 வரை நீட்டினால் புதிய படிகள் முளைக்காது, இருந்த இருபதும் நான்கு நான்காகத் தள்ளி நிற்கும். ஹிஸ்டோகிராம் சீப்புப்பல் மாதிரி ஆவது இதனால்தான். 16 பிட்டில் அந்த ஒவ்வொரு படிக்குள்ளும் 256 சிறு படிகள் உண்டு. இருபது என்பது ஐந்தாயிரத்துச் சொச்சமாகிறது. எவ்வளவு இழுத்தாலும் உடையாது.

மறுபடி 16 பிட்டில் ஸ்கேன் செய்வதுதான் தீர்வு. பழைய 8 பிட் கோப்பை ஜிம்ப்பில் திறந்து 'பிரிசிஷன்' மெனுவில் 16 ஆக மாற்றினால் தொலைந்த படிகள் திரும்பாது. இனிமேல் செய்யும் திருத்தங்களில் மேலும் தொலையாமல் இருக்கும், அவ்வளவே. மூலப் படம் கையில் இல்லை, 8 பிட் கோப்பு மட்டும்தான் என்றால், திருத்தம் முடிந்தபின் இருண்ட பகுதியில் மிக மெல்லிய நாய்ஸைத் தூவுங்கள். படி விளிம்புகள் கலைந்து கண்ணை ஏமாற்றும்.

படிக்குப் பதில் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கம். படத்தை 8க்கு 8 புள்ளிகளாக வெட்டிச் சுருக்குவது அதன் முறை. கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களை அது தாராளமாகத் தூக்கி எறியும், நிழலில் இருக்கும் மெல்லிய வேறுபாடுகளுக்கு அங்கே முதல் அடி. ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேனில் நிழலை ஏற்ற முயன்றவர்களுக்கு இந்தக் கட்டங்கள் நன்றாகவே தெரியும். "ஃபோட்டோவா அனுப்பாதீங்க சித்தப்பா, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதே கோப்பு சுருங்காமல் வந்து சேரும்.

விவரம் வந்துவிட்டது, ஆனால் படத்தில் உயிர் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நிழல் திறந்துவிட்டது, மடிப்பு தெரிகிறது. ஆனால் தலைமுடி சாயம் போன துணி மாதிரி சாம்பலாகிவிட்டது. படம் முழுக்க ஒரே தட்டையாக இருக்கிறது.

காரணம் கர்வ்ஸ் கோட்டில், அதாவது எந்த வெளிச்சத்தை எவ்வளவாக மாற்ற வேண்டும் என்று வளைத்துச் சொல்லும் கோட்டில், இருக்கிறது. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் வேறுபாடு கூடும், படுக்கும் இடத்தில் குறையும். நிழல் பகுதியை மேலே தூக்கினால் கோடு வேறெங்கோ படுத்தாக வேண்டும், பெரும்பாலும் முகம் இருக்கும் நடுத்தொனியில். கூடவே கடைசிக் கறுப்பையும் தூக்கிவிட்டால் படத்தில் நங்கூரமே இருக்காது. கண்ணுக்கு ஒரு இடமாவது நிஜமான கறுப்பு வேண்டும், அது இருந்தால்தான் மற்றதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். எண்பதுகளின் வரவேற்புப் படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா மேல் இருந்த ஃபிளாஷ் முன்வரிசை முகங்களைப் பளிச்சென்று காட்டியிருக்கிறது, பின்வரிசையில் நிற்கும் மாமாக்கள் இருட்டில் இருக்கிறார்கள். ஃபிளாஷிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும், ஆகவே இது அந்தக் காலப் படங்களில் ஏறக்குறைய விதி. முன்வரிசை முகம் 170இல் இருக்கும், பின்வரிசை முகம் 45இல் கிடக்கும். இதில் படம் முழுவதற்கும் ஒரே கர்வ்ஸ் போட்டால் மாமாக்கள் வருவார்கள், மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிடும். லேயர் எந்த இடத்தில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று வெள்ளை கறுப்பில் சொல்லும் மாஸ்க் இல்லாமல் இது நடக்காது.

படத்தை 16 பிட்டில் வைத்து, லேயரைப் பிரதி எடுங்கள். மேல் லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது வரும் சாளரத்தில் 'கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே 'இன்வர்ட் மாஸ்க்' என்பதையும் குறியிடுங்கள். இருட்டான இடம் மாஸ்க்கில் வெள்ளையாகவும், வெளிச்சமான இடம் கறுப்பாகவும் வரும். அதாவது இனி இந்த லேயரில் செய்யும் எதுவும் இருட்டில் முழுதாகவும் வெளிச்சத்தில் கொஞ்சமாகவும் விழும். அடுத்து ஒரு சின்ன விஷயம், பலரும் தடுக்கி விழும் இடம்: மாஸ்க்கைச் சேர்த்ததும் ஜிம்ப் மாஸ்க்கையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். லேயரின் சிறுபடத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டுத்தான் கர்வ்ஸைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மாஸ்க்தான் மாறும், படம் மாறாது.

கர்வ்ஸில் முதலில் ஒரு புள்ளியை 8இலிருந்து 8க்கே ஊன்றுங்கள், அதுதான் நங்கூரம். பிறகு 45 இருக்கும் இடத்தைப் பிடித்து 85 வரை தூக்குங்கள். பின்வரிசை முகங்களை மட்டும் பாருங்கள், மற்றதைப் பார்க்காதீர்கள். அவர்கள் சரியாக வந்ததும் நிறுத்துங்கள். முன்வரிசை முகத்துக்கு இருக்கும் வெளிச்சம் பின்வரிசைக்கும் வர வேண்டியதில்லை. வந்தால் அது ஒட்டுப்படம் மாதிரி இருக்கும்.

இப்போது மாஸ்க்கைச் சொடுக்கி அதற்கு காஸியன் பிளர் கொடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் 20 முதல் 40 புள்ளிவரை முயன்று பாருங்கள். மாஸ்க் கூர்மையாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பின் இருட்டையும் தனித்தனியாகத் தூக்கும். மடிப்புக்கும் மடிப்புக்கும் உள்ள வேறுபாடே அழிந்துபோகும், அதுதான் அந்தத் தட்டைத்தனம். மங்கலான மாஸ்க் ஒரு பகுதியை மொத்தமாகத் தூக்கும், உள்ளே இருக்கும் வேறுபாடு தப்பிக்கும்.

கடைசியாக, கறுப்பாகவே இருக்க வேண்டியவற்றைத் திருப்பிக் கொடுங்கள். முன்வரிசைப் பெண்களின் முடி, மாப்பிள்ளையின் கோட்டு, ஷூ. மென்மையான தூரிகையில் கறுப்பை எடுத்து, ஒளிபுகாத்தன்மையை 30 சதவீதம்போல வைத்து, மாஸ்க்கில் அந்த இடங்களைத் தடவுங்கள். மல்லிகைச் சரம் தனியாக மேலெழுந்து தெரிய வேண்டுமானால் அதன் கீழே முடி கறுப்பாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மேல் லேயரின் ஒளிபுகாத்தன்மையைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அநேகமாகக் குறைத்ததுதான் நன்றாக இருக்கும்.

இவ்வளவு வேலைக்குப் பொறுமை இல்லை என்றால் கலர்ஸ் மெனுவிலேயே 'ஷேடோஸ்-ஹைலைட்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. நிழல் ஸ்லைடரை 30, 40 வரை இழுத்தால் பல படங்களுக்குப் போதும். நூறு படம் உள்ள ஆல்பத்துக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துவேன், மாஸ்க் வேலை சட்டம் போட்டு மாட்டப் போகும் படத்துக்கு மட்டும்.

தலையைச் சுற்றி ஒளிவட்டம்

சாமி படத்தில் இருக்கலாம், மாமா தலையில் இருக்கக் கூடாது. மாஸ்க்கின் மங்கல், முடியின் விளிம்பைத் தாண்டி வெளிச்சமான சுவருக்குள் கசிந்திருக்கிறது. மாஸ்க்குக்குக் கொடுத்த பிளரின் ரேடியஸை (அளவை) மாற்றிப் பாருங்கள். ஏற்ற வேண்டிய இருண்ட பொருளின் அளவுக்கு ஒட்டி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மிகச் சிறிதாக்கினால் தட்டைத்தனம் திரும்பி வரும், அதையும் கவனியுங்கள். ஜிம்ப்பில் சாதாரண பிளருக்குப் பதில் 'செலக்டிவ் காஸியன் பிளர்' போட்டால் மாஸ்க் விளிம்பைத் தாண்டாது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் நிழல்-வெளிச்சக் கருவியில் மென்மையாக்கும் முறையை 'பைலேட்டரல்' என்று மாற்றலாம். அதில் உள்ள 'டோன் ஈக்வலைசர்' இந்த வேலையை இன்னும் சுத்தமாகச் செய்யும்.

நிழலைத் திறந்தால் சிவப்பு

எழுபது, எண்பதுகளின் வண்ணப் பிரிண்டுகளில் இது சர்வ சாதாரணம். அந்தக் காலத் தாள்களில் இருந்த மூன்று சாயங்களில் சயான் சாயம் ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் மற்றவற்றைவிட விரைவாக மங்கியது. சிவப்பு ஒளியை உறிஞ்சுவது சயானின் வேலை. அது போனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் சிவப்பைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். வெளிச்சமான பகுதியில் இது பெரிதாகத் தெரியாது, நிழலை ஏற்றும்போது முழுதாக வெளிப்படும்.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் நிறம், பிறகு நிழல். தலைமுடியில் கலர் பிக்கரை வையுங்கள். சிவப்பு 62, பச்சை 34, நீலம் 38 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கறுப்பு முடியில் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். லெவல்ஸைத் திறந்து, மேலே உள்ள பட்டியலில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, கறுப்பு முக்கோணத்தை அந்த நிறத்தின் மலை தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதையே தனித்தனியாகச் செய்யுங்கள். மூன்றையும் பூஜ்யத்துக்கு அமுக்கிவிடாதீர்கள். முடி 20ஐ ஒட்டி நின்றால் அதில் இழை தெரியும். முகம் இப்போது பச்சை அடித்தால் அதே சாளரத்தில் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் அசைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

சிவப்பு போனபின்பும், நிழலை ஏற்றும்போது நிறங்கள் கண்ணைக் குத்தும் அளவுக்குக் கூடும். கர்வ்ஸ் மூன்று நிறங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. கர்வ்ஸ் போட்ட லேயரின் முறையை 'எல்சிஎச் லைட்னெஸ்' என்று மாற்றினால் வெளிச்சம் மட்டும் ஏறும், நிறம் பழையபடி இருக்கும்.

கறுப்பில் நீல மினுமினுப்பு, அல்லது வெள்ளைப் பொட்டுகள்

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், வெள்ளி முலாம் பூசியதுபோல மின்னுகிறதா? படத்தில் உள்ள வெள்ளி ஈரத்தாலும் காற்றில் உள்ள வாயுக்களாலும் ஆக்சிகரணம் அடைந்து மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது. துடைக்க வேண்டாம், படமும் சேர்ந்து போய்விடும். ஸ்கேனில் இது நீலம் கலந்த மூட்டமாக வரும். கறுப்பு வெள்ளையையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்குத்தான். ஜிம்ப்பில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்தால் சிவப்பில் அந்த மூட்டம் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். மஞ்சள் கறை உள்ள படத்துக்கும் இதே வழி.

அதற்கும் அடங்காத மினுமினுப்பு என்றால் ஸ்கேனரை விட்டுவிட்டு கேமராவால் பிரதி எடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, விளக்குகளின் முன்னால் போலரைசிங் தாள், லென்ஸின் முன்னால் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசர். மின்னல் அடங்கிக் கறுப்பு கறுப்பாக வந்துவிடும்.

வெள்ளைப் பொட்டுகள் வேறு சங்கதி. தேன்கூடு போலப் புள்ளி புள்ளியாக மேடு தட்டிய தாளில் போட்ட படங்களில், ஸ்கேனரின் விளக்கு ஒவ்வொரு மேட்டிலும் பட்டு மின்னும். ஒருமுறை ஸ்கேன் செய்து, படத்தை 180 பாகை திருப்பி வைத்து மறுமுறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராகத் திருப்பி, முதலாவதன்மேல் துல்லியமாகப் பொருத்தி, லேயர் முறையை 'டார்க்கன் ஒன்லி' என்று வையுங்கள். மின்னல் இரண்டு ஸ்கேனிலும் வெவ்வேறு பக்கத்தில் விழுந்திருப்பதால் பெரும்பகுதி மறைந்துவிடும்.

இருட்டுக்குள் நீளமான நேர்கோடு

படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஸ்கேனர் தலை நகரும் திசையிலேயே கோடு ஓடினால், ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டையின்மேல் தூசி. படத்தைத் துடைத்துப் பயனில்லை. ஃபிலிம் ஸ்கேன் என்றால் ஃபிலிம் பிடிப்பானில் அதற்கென்று விட்டிருக்கும் சிறு ஜன்னலை முதலில் பாருங்கள்.

திரையில் அருமை, பிரிண்டில் மறுபடி இருட்டு

திரையின் வெளிச்சம் அளவுக்கு மேல் இருந்தால் நிழல் திறந்துவிட்டதாக நினைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவோம். கறுப்புப் பின்னணியில் 5, 10, 15, 20 என்ற மதிப்புகளில் நான்கு சதுரங்களை வரைந்து பாருங்கள். 10 தெரிய வேண்டும், 5 தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். 20கூடத் தெரியவில்லை என்றால் திரை நிழலை விழுங்குகிறது. எல்லாம் சாம்பலாகப் பளிச்சென்று தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவில் மொபைலில் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

தாளும் ஒரு காரணம். மேட் தாளின் கறுப்பு பளபளப்புத் தாளின் கறுப்பைப் போல ஆழமாக இருக்காது, நிழலின் கீழ்ப்படிகள் அதில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பெரிய அளவில் போடுவதற்கு முன்னால் படத்தின் இருண்ட பகுதியை மட்டும் வெட்டி, நிழல் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக ஏற்றிய மூன்று பதிப்புகளை ஒரே 4க்கு 6 தாளில் பக்கம் பக்கமாக அடுக்கி, பெரிய படம் போடப் போகும் அதே லேப்பில் அதே வகைத் தாளில் கேளுங்கள். கோப்பைத் தானாகத் திருத்த வேண்டாம் என்று கவுண்டரில் சொல்லிவிடுங்கள். படத்தை மாட்டப் போகும் சுவரில், அந்த அறையின் விளக்கு வெளிச்சத்தில், மூன்றையும் பிடித்துப் பார்த்து எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.